மூன்றரைக்குக் கடைசிப் படகு

“தம்பி, எட்டாவது சுத்து முடிஞ்சுது. இன்னும் எத்தினை சுத்து சுத்த வேணும்?”

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தேகாலுக்கு எனக்கு வந்த போன் இது. மறுமுனையில் பரமநாதண்ணை. என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகு நீர்வேலியில் வாழைத்தோட்டமும் தானுமாக இருக்கிறார். அவர் அப்போது நின்றது மாவிட்டபுரம் கோயில் வெளிவீதியில். நான் நின்றது காங்கேசன்துறைத் துறைமுக வாசலில்.

“இன்னும் ரெண்டு சுத்து அண்ணை. கப்பல் தெரியுது.”

பொய் சொல்லவில்லை. கப்பல் தெரிந்தது. காலை ஏழரையிலிருந்து தெரிந்துகொண்டேதான் இருந்தது – வெள்ளை வெளேரென்று, ஜன்னல் ஜன்னலாக, நடுக்கடலில். தெரிந்து என்ன பயன்? அதற்குள் இருந்தவர்கள் கரைக்கு வந்தபாடில்லை.

கதையை முதலில் இருந்து சொல்கிறேன்.

சிவகாமி என் சித்தப்பாவின் மகள். முப்பது வருசமாக லண்டன். அவளுக்கு ஒரே மகன், அகிலன். வயது முப்பத்திரண்டு, ஃபார்மசிஸ்ட், நல்ல பிள்ளை. கல்யாணம் என்றால் மட்டும் காது கேளாது. ஐந்து பெண்களின் போட்டோவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டான். “பொம்பிளை பாக்கப் போவம் வா எண்டால் வரமாட்டான் அண்ணை. கப்பல் எண்டால் வருவான்” என்றாள் சிவகாமி.

அவளுக்கு அறுபது வயது நிறைவு. அதைக் கொண்டாடத் தாயும் மகனும் எடுத்தது, சென்னையில் ஏறி, ஒருநாள் காங்கேசன்துறையில் நின்று, திரும்பச் சென்னைக்கே போகிற உல்லாசக் கப்பல். மகனுக்குப் பத்து நாள் லீவு. அதில் யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்தது ஒரு பகல். அந்த ஒரு பகலுக்குள் பரமநாதண்ணையின் மகள் மதுராவை அகிலன் பார்த்துவிட வேண்டும். சாதகம் பொருந்தியாயிற்று. இதுவும் தவறினால் இனி அவனைப் பிடிக்கவே ஏலாது என்று தாய் கலங்கிப்போய் இருந்தாள்.

அகிலன் ஒரு நிபந்தனை போட்டான். வீட்டுக்குப் போகக்கூடாது, பலகாரத் தட்டம் கிட்டம் ஒன்றும் கூடாது. “எங்கையாவது தற்செயலாச் சந்திச்சால் கதைக்கிறன்.”

தற்செயல்தானே? அதற்குத்தானே நம் ஊரில் கோயில் இருக்கிறது!

உங்களுக்குத் தெரியாததா? மாப்பிள்ளை வீட்டார் சாமி கும்பிட வருவார்கள். பெண் வீட்டார் அதே நேரத்துக்குச் சாமி கும்பிட வருவார்கள். “அட, நீங்களோ! இண்டைக்கென்ன இந்தப் பக்கம்?” என்று இரண்டு பக்கமும் ஆச்சரியப்படும். சரிவந்தால் முருகன் அருள். சரிவராவிட்டால் ஒருவருக்கும் மானக்கேடு இல்லை – கும்பிடத்தானே போனார்கள்? ஆனால் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் கதை வேறு. சாப்பிட்ட பிறகு வேண்டாம் என்று சொல்கிறவனை ஊர் இலகுவில் மன்னிக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண் பார்க்கிறது என்று பெயர்தான். நம் கோயில்களில் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் மேலோடு நிற்கிறவன் மாப்பிள்ளை. பார்க்கிறது யாரை யார்? அகிலனுக்கு இது தெரிந்திருக்கிறது. மூன்று கிழமையாக ஜிம்முக்குப் போனானாம்.

ஒழுங்கு செய்கிற பொறுப்பு என் தலையில். நான் பாடசாலையில் பதினெட்டு வருசம் ரைம்ரேபிள் போட்டவன். நாற்பது ஆசிரியர், ஒரு பிள்ளைத்தாய்ச்சி, இடுப்பைப் பிடித்தபடி இரண்டு நாரிநோக்காரர் – எல்லோரையும் ஒரு தாளில் அடக்கியவன். ஒரு கப்பல் என்ன பெரிய கப்பல்?

தாளை எடுத்தேன். மூன்று நிற மையில் எழுதினேன். எட்டரைக்கு இறங்குதுறை. ஒன்பதுக்குக் கீரிமலை, கால் நனைப்பு. ஒன்பதே முக்காலுக்கு மாவிட்டபுரம், தற்செயல். (வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும். அதற்கு முன் தற்செயல் முடிந்துவிட வேண்டும்.) பிறகு நல்லூர், கோட்டை, நீர்வேலிச் சந்தி, எங்கள் வீட்டில் சாப்பாடு, இரண்டு மணிக்கு நூலகம்… மொத்தம் பத்து இடம். மூன்றரைக்குக் கடைசிப் படகு.

என் மனிசி தாளை வாங்கிப் பார்த்தாள். “இஞ்சாருங்கோ, மூச்சு விடுறதுக்கு எத்தினை மணிக்குப் போட்டிருக்கிறியள்?”

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் விட்ட பிழைக்கு வருகிறேன். கப்பல் ஏழரைக்கு வரும் என்றால் ஆட்கள் எட்டரைக்கு இறங்குவார்கள் என்று நினைத்தேன். பஸ் வந்தால் இறங்குகிறோம், ரயில் வந்தால் இறங்குகிறோம். கப்பலுக்கு மட்டும் என்ன கொம்பா?

கொம்புதான். அந்தக் கப்பல் பெரிது. தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றுவிடும். அங்கேயிருந்து ஆட்களைச் சின்னப் படகுகளில் தவணை தவணையாகக் கரைக்கு இறக்குவார்கள். டெண்டர் போட் என்று பெயர். கொந்தராத்துக்காரர் அடிபடுகிற டெண்டர் இல்லை, இது வேறு. அதற்குக் கப்பலுக்குள்ளேயே நம்பர் எடுக்க வேண்டும். கப்பல்காரரிடமே சுற்றுலாவுக்குக் காசு கட்டியவர்களுக்கு முதலிடம். சொந்தக்காரன் காரோடு வாசலில் நிற்கிறான் என்று சொல்கிறவர்கள் கடைசி.

எட்டரைக்கு சிவகாமி எனக்குப் போன் எடுத்தாள். “அண்ணை, நான் மேல் தட்டிலை நிக்கிறன். வெளிச்சவீடு வடிவாத் தெரியுது! நீங்கள் எங்கை நிக்கிறியள்?”

“நான் நிக்கிறது கிடக்கட்டும். நீ எந்த நம்பர்?”

“பதினாலு.”

“இப்ப எத்தினை போகுது?”

“மூண்டு. காலமை நம்பர் எடுக்கத்தான் போனன் அண்ணை. வழியிலை சுடச்சுட அப்பம் சுட்டுக்கொண்டு நிண்டவங்கள்…”

அப்பத்துக்கு நின்றிருக்கிறாள். பதினொரு படகு பின்னால் போயிற்று.

பத்தரைக்கு ராகு காலம் தொடங்கியது. அதற்குப் பிறகு தற்செயலாகக்கூடச் சந்திக்கக் கூடாது என்று பரமநாதண்ணையின் மனிசி சொல்லிவிட்டார். சரி, பன்னிரண்டு வரை பொறுப்போம் என்றோம். அந்த நேரம் பார்த்துக் கடல் எழும்பியது. கப்பல் படியோடு படகைப் பிடிக்க ஏலாதாம். ஒரு மணித்தியாலம் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

பன்னிரண்டரைக்கு மறுபடியும் போன்.

“தம்பி, பதினாலு சுத்து. மதியப் பூசையும் முடிஞ்சு கதவும் சாத்தியாச்சு. ஐயர் வந்து கேக்கிறார், என்ன பெரிய நேத்திக்கடனோ எண்டு. நான் என்ன சொல்லுறது?”

“ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை.”

“பேசாமல் எங்கடை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாருமன். பிள்ளையள் சோறு தின்னட்டும்.”

வீடு கூடாது என்பது அகிலனின் நிபந்தனை. நான் தாளைப் பார்த்தேன். இரண்டு மணி – நூலகம் என்று பச்சை மையில் எழுதியிருந்தது. “அண்ணை, ரெண்டு மணிக்கு யாழ்ப்பாணம் நூலகத்தடிக்கு வாருங்கோ. அங்கை தற்செயலாச் சந்திப்பம்” என்றேன்.

அந்த மனிசன் பாவம், மறுபேச்சு இல்லாமல் குடும்பத்தை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் வெளிக்கிட்டார். மதுரா தன் ஸ்கூட்டியில் வந்திருந்ததால் பின்னால் வருவதாகச் சொன்னாளாம்.

ஒன்றேகாலுக்கு சிவகாமியும் அகிலனும் துறைமுக வாசலுக்கு வெளியே வந்தார்கள். சிவகாமிக்குக் காஞ்சிபுரம், அவனுக்குப் பட்டு வேட்டி. கோயில் கதவு சாத்தியாயிற்று என்றதும் அகிலன் தன் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்தான். மூன்று கிழமை ஜிம்!

காரில் ஏறியதும் அவன் மெதுவாகச் சொன்னான். “மாமா, கடைசிப் போட் மூண்டரைக்கு. மூண்டு மணிக்கே வந்து வரிசையிலை நிக்கச் சொன்னவை. எங்களிட்டை ரெண்டு மணித்தியாலமும் இல்லை. யாழ்ப்பாணம் போகத்தான் வேணுமோ?”

“தம்பி, பதினெட்டு வருசம் ரைம்ரேபிள் போட்டவன் நான்” என்றேன்.

“சரி மாமா” என்றான். வளர்ப்பு அப்படி.

யாழ்ப்பாணம் போகிற வழியில்தான் இணுவில். இணுவில் றோட்டுக்கரையில்தான் எங்கள் வீடு. என் மனிசி வாசல் படலையைத் திறந்துவிட்டு நடு றோட்டில் நின்றாள். விடிய நாலு மணிக்கு அடுப்பு மூட்டியவள். வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறி – ஒன்றல்ல, இரண்டல்ல, பதினொரு கறி.

“நேரமில்லையப்பா, யாழ்ப்பாணத்திலை பாத்துக்கொண்டு நிக்கினம்” என்றேன்.

“முப்பது வருசத்துக்குப் பிறகு வந்த பிள்ளை என்ரை படலையைக் கடந்து பசியோடை போறதோ? ஒரு வாய் சாப்பிடட்டும். ஒரேயொரு வாய்!”

கத்தரிக்காய்ப் பால்கறியில் ஒரு வாய். முருங்கைக்காயில் ஒரு வாய். வாழைக்காய்ப் பொரியல், பயித்தங்காய், வல்லாரைச் சம்பல், வடை, பாயசம்… நம் வீடுகளில் ஒரு வாய் என்றால் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டில் சாப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்து திரிந்த நான், என் வீட்டுச் சாப்பாட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. நானும் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

கை கழுவிவிட்டு மணியைப் பார்த்தேன். இரண்டு இருபது.

நூலகத்துக்குப் போகக் கால் மணி. அங்கேயிருந்து துறைமுகத்துக்கு முக்கால் மணி. சந்தித்து, ஆச்சரியப்பட்டு, கதைக்க… தாளை இப்படியும் திருப்பினேன், அப்படியும் திருப்பினேன். எந்த மையிலும் இடமில்லை.

பரமநாதண்ணைக்குப் போன் எடுத்தேன். “அண்ணை… வர ஏலாமல் கிடக்கு.”

அவர் சொன்னார். “நாங்கள் என்ன பந்தே தம்பி, அங்கையும் இஞ்சையும் உருட்டி விளையாட? பெத்த பிள்ளையைக் கோயிலைச் சுத்த வைச்சன். இப்ப மனிசியையும் றோட்டிலை கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கிறன், பிள்ளை இன்னும் வழியிலை. அலைஞ்சது காணும். இந்தக் கதை இதோடை முடிஞ்சுது.”

கோபத்தில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சத்தம் உயர்த்தாமல் ஆறுதலாகச் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபது வருசப் பழக்கம். அந்த மனிசனை ஒரு தாளைக் காட்டி நாள் முழுக்க அலைய விட்டிருக்கிறேன்.

காரைத் துறைமுகத்துப் பக்கம் திருப்பினேன். தெல்லிப்பழை தாண்டியதும் சிவகாமி அழத் தொடங்கினாள். “வெண்ணெய் திரண்டு வரத் தாழி உடைஞ்ச மாதிரிப் போச்சே அண்ணை. இனி இவன் ஒருத்தியையும் பாக்கமாட்டான்.”

அகிலன் ஜன்னலால் வெளியே பார்த்தபடி இருந்தான். “விடுங்கோ அம்மா” என்றான். ஆனால் அவன் குரலும் நன்றாக இல்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. துறைமுக வாசலில் காரை நிறுத்தினேன்.

வாசலுக்கு எதிரே, வேப்பமர நிழலில், ஒரு சிவப்பு ஸ்கூட்டி. கண்ணாடியில் ஹெல்மெட். முன் கொழுவியில் ஒரு சீப்பு வாழைப்பழம். சீற்றில் சாய்ந்தபடி மதுரா!

காரை விட்டு இறங்கினோம். அவள் நேரே வந்தாள். எனக்கு ஒரு வணக்கம், சிவகாமிக்கு ஒரு வணக்கம். பிறகு அகிலனைப் பார்த்துச் சொன்னாள். “நான் மதுரா. விவசாயப் போதனாசிரியர். இந்தப் பக்கம் ஒரு தோட்டம் பாக்க வந்தனான். தற்செயலா உங்களைக் கண்டிட்டன்.”

அகிலன் அவளைப் பார்த்தான். ஸ்கூட்டியைப் பார்த்தான். வாழைப்பழத்தைப் பார்த்தான். அன்றைக்கு முதல்தரம் சிரித்தான். “நானும்… தற்செயலாத்தான்.”

சிவகாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நட்சத்திரத்தில் இருந்து தொடங்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சோடாக் கடைக்குப் போனேன். அன்றைய நாளில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஒட்டுக்கேட்க நினைக்கவில்லை. காங்கேசன்துறைக் காற்று அப்படி. மதுரா சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

“ஒண்டை முதலே சொல்லிப்போட வேணும். நான் லண்டனுக்கு வரமாட்டன். எனக்கு இஞ்சை வேலை இருக்கு, பிடிச்ச வேலை. வீட்டிலை இதை உங்களுக்கு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம். போனிலை சொல்லுறது அழகில்லை எண்டுதான் நேரிலை…”

சிவகாமி சோடாப் போத்தலைக் கடை மேசையில் வைத்துவிட்டாள். பெண்ணை லண்டனுக்குக் கூட்டிப் போவதுதானே அவளுடைய முழுத் திட்டமும்? என்னைப் போலவே அவளும் ஒரு தாள் வைத்திருந்தாள், நெஞ்சுக்குள்.

அகிலன் ஸ்கூட்டியில் தொங்கிய சீப்பைப் பார்த்தான். பிறகு, “இது என்ன பழம்?” என்று கேட்டான்.

“கப்பல் பழம், வாழையின்ரை பேரே அதுதான். எங்கடை தோட்டத்திலை வெட்டினது. கொண்டு போங்கோ.”

வாசல் காவலாளி குறுக்கே வந்தார். “தங்கச்சி, கரையிலையிருந்து பழம், சாப்பாடு ஒண்டும் கப்பலுக்குக் கொண்டுபோக விடமாட்டினம்.”

கொடுத்ததை மறுக்கவும் ஏலாது, கொண்டுபோகவும் ஏலாது. என்ன செய்வது? அகிலன் அங்கேயே நின்று உரித்துத் தின்னத் தொடங்கினான். பதினொரு கறிச் சாப்பாட்டுக்கு மேல், நின்ற நிலையில், ஐந்து பழம்! மதுரா இரண்டு தின்றாள். தின்றுகொண்டே கதைத்தார்கள். வாழைக்கு என்ன நோய் வரும் என்று அவன் கேட்டான். மனிசருக்கு என்ன மருந்து கொடுப்பீர்கள் என்று அவள் கேட்டிருப்பாள். வேறென்ன கதைத்தார்கள் என்று தெரியாது, காற்று திரும்பிவிட்டது. மிச்சப் பழம் காவலாளிக்கும், வரிசையில் நின்ற சென்னைக்காரருக்கும் போயிற்று.

மூன்றரை. கடைசிப் படகு. எல்லோரும் ஏறிய பிறகுதான் அகிலன் ஓடிப்போய் ஏறினான். தூரத்தில் கையை அசைத்தான். அந்தக் கையில் வாழைப்பழத் தோல் இருந்தது. எறிய மறந்துவிட்டான்.

படகு போன பிறகு நான் மதுராவைக் கேட்டேன். “துறைமுகத்துக்குள்ளை என்ன வாழைத்தோட்டம் பிள்ளை?”

சிரித்துவிட்டாள். “அம்மாவாணை சேர், பதினாலு சுத்திலை எனக்குக் கால் விட்டுப்போச்சு. நூலகம் எண்டு நீங்கள் சொல்ல, நான் கணக்குப் பாத்தன். அவையள் எந்த நேரம் இறங்குவினம், உங்களோடை எங்கை போவினம் எண்டு எனக்குத் தெரியாது. ஆனா எங்கை போனாலும் மூண்டரைக்கு இஞ்சை வந்துதானே ஆகவேணும்?”

பக்கத்தில் பழம் தின்றுகொண்டிருந்த காவலாளி சொன்னார். “ஐயாவின்ரை கார் அங்காலை வெளிக்கிட, தங்கச்சி இஞ்சாலை வந்திட்டா. அப்ப துவக்கம் அந்த வேப்பமரத்தடியிலைதான் நிக்கிறா.”

பத்து இடம் எழுதினேன். ஒன்பது இடம் தவறியது. அவள் ஒரேயொரு இடத்தைப் பிடித்தாள்.

அன்று பின்னேரமே நீர்வேலிக்குப் போனேன். பரமநாதண்ணை முற்றத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். “பிழை என்ரை அண்ணை” என்றேன். பேப்பர் அசையவில்லை. உள்ளேயிருந்து மதுரா தேத்தண்ணியோடு வந்தாள். “அப்பா, நான் அவையளைத் தற்செயலாக் கண்டனான்” என்றாள். பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. “எங்கை?” என்றார். அவள் சொல்லச் சொல்ல அந்த மனிசனின் வயிறு சிரிப்பில் குலுங்கத் தொடங்கியது.

முந்தநாள் லண்டனில் இருந்து சிவகாமியின் போன்.

“அண்ணை, அவன் மூண்டு மாசம் லீவு எடுத்துக்கொண்டு அங்கை வாறானாம். யாழ்ப்பாணத்திலை ஃபார்மசி திறக்க என்னென்ன பேப்பர் வேணும் எண்டு விசாரிக்கிறான். நான் பொம்பிளையை இஞ்சை ஏத்த எண்டு கப்பலிலை வந்தன். அவள் என்ரை பிள்ளையை அங்கை இறக்கிப்போட்டாள்!”

அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும்.

“எங்கை தங்கப் போறானாம்?”

“உங்களிட்டைத்தான். ஆனா அண்ணை… உங்களைக் கும்பிட்டன், அவனுக்கு ஒரு பிளானும் போட்டு வைச்சிடாதேங்கோ.”

போடவில்லை. மூன்று நிறப் பேனாவையும் மனிசி எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள்.

இனி, கப்பலில் வந்து டெண்டர் போட்டில் இறங்கி ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரேயொரு வார்த்தை. அப்பத்துக்கு முதல் நம்பரை எடுங்கள். பிறகு ஒரு தாளில், திரும்பி வரவேண்டிய இடத்தை முதலாவதாக எழுதுங்கள்.

மிச்சமெல்லாம் தற்செயலாக நடக்கும்.